மலையகப் பிள்ளையை அளக்கும் கோல் யார் கையில்?

(அட்டனில் ஆசிரியர்களும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மலையிலிருந்து இறங்கிக் கூடையை வைத்த கையோடு இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மரக்கறிப் பாத்திகளை விட்டு வந்திருக்கும் விவசாயத் தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் மேடைகளில் அடிக்கடி கேட்டறியாத பொருள். சம்பளத்தைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். காணியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பிரசாவுரிமையைப் பற்றி 1948-ஆம் ஆண்டு தொட்டு 2003-ஆம் ஆண்டுவரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், தொண்டை வறளப் பேசியிருக்கிறோம். இன்று நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பேச்சும் எண்ணமும் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்பதைக் கணினியின் துணைகொண்டு அளக்கும் முறையொன்று உலகில் பரவி வருகின்றது. அது நம் பிள்ளைக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எந்த நிபந்தனையோடு வேண்டும்? இதுவே என் பேச்சு.

"லயத்துக் கூரை ஒழுகுகிறது, பீலியில் தண்ணீர் வரவில்லை, இவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே!" என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான எண்ணம்தான். கூரையை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அன்பர்களே, கூரை ஒழுகுவது கண்ணுக்குத் தெரிகிறது. துரையிடம் காட்டலாம், மந்திரியிடம் காட்டலாம், படம் பிடித்துப் பத்திரிகையில் போடலாம். ஒரு பிள்ளையின் சொல்வளம் குன்றிக் கிடப்பதை எப்படிப் படம் பிடிப்பது? அது ஐந்தாம் ஆண்டில், புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிலன்றோ திடீரென்று தெரிகிறது! அன்று, "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். ஏறாமற்போனது எந்த வயதில், எந்தக் காரணத்தால் என்று கேட்பாரில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பிள்ளையின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டில் அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீடு ஒன்று உண்டு. நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் என்று அது கண்டது. தோட்டப்புறத்தில் எவ்வளவு? நூற்றுக்கு 31.7! நுவரெலியா மாவட்டத்தில் 32.4! அந்த எண் வெளிவந்த பின்னர்தான், "எங்கள் பிள்ளைகள் மெலிகிறார்கள்" என்ற தாயின் புலம்பல், எவராலும் மறுக்க இயலாத வழக்காக மாறியது. அதிகாரிகள் கூட்டத்திலே அந்த எண்ணை மேசைமீது வைத்தால், பதில் சொல்லியே ஆகவேண்டும். உயரத்துக்கு அப்படியொரு எண் இருக்கிறது. மொழிக்கும் சிந்தைக்கும் அவ்வாறு ஊரறிந்த எண் நம் கையில் இல்லை. இல்லாதபடியால், யாரையும் கேள்வி கேட்கவும் இயலவில்லை.

பதிவேடே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் கொடுக்கும் சுகாதார விருத்திப் பதிவேட்டைத் தாய்மார் அறிவார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வந்து எடையைக் குறிக்கிறார், ஊசியைக் குறிக்கிறார். பிள்ளை தலைநிமிர்ந்ததா, தவழ்ந்ததா, அம்மா என்றதா என்பதற்கும் அதில் இடமுண்டு. இந்நாட்டுச் சுகாதார ஊழியர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு நாவெழாது. எனினும், அந்தப் பக்கத்தில் உள்ளவை ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். நடக்கவே நடக்காத பிள்ளையை அது பிடித்துக்கொடுக்கும். நடக்கிறது, ஓடுகிறது, சிரிக்கிறது, ஆனால் முந்நூறு சொல் தெரிந்திருக்கவேண்டிய வயதில் நூறு சொல்லோடு நிற்கிறது என்றால், அந்தப் பிள்ளை அந்த வலையின் கண்ணுக்குள் புகுந்து நழுவிவிடும். பின்னர் முதலாம் ஆண்டில் சேரும்போது ஆசிரியர் பிரவேசத் திறன்களைப் பார்க்கிறார். விளையாட்டாகப் பார்க்கும் நல்ல முறை அது. ஆனால் அதற்குள் ஐந்து ஆண்டுகள் போய்விட்டன! பிள்ளைக்காம்பராவில் கழிந்த ஆண்டுகள் அவை.

இனி, அந்தப் புதிய முறைக்கு வருவோம்.

நுவரெலியாச் சந்தைக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோகும் விவசாயிக்கு நான் இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். நம் வழக்கமான பரீட்சை எப்படிப்பட்டது? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாற்பது கேள்வி. அது, ஒரேயொரு படிக்கல்லை வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்த மூட்டைகளையெல்லாம் நிறுப்பதற்கு ஒப்பானது. ஐந்து கிலோக் கல்லைப் போட்டால், இந்த மூட்டை அதைவிடக் கனம், அந்த மூட்டை அதைவிட இலேசு என்று தெரியும். எவ்வளவு கனம், எவ்வளவு இலேசு என்பது தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளை எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிடும். பின்தங்கிய பிள்ளை எல்லாவற்றுக்கும் விழிக்கும். விழித்த பிள்ளைக்குச் சுழியம் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அதற்கு என்ன தெரியும் என்பதை அந்தப் பரீட்சை சொல்லவில்லை.

புதிய முறையோ, கல்லை மாற்றி மாற்றிப் போட்டுத் தட்டைச் சமநிலைக்குக் கொண்டுவரும் முறை. "நான்கு கிழங்கை எண்ணிக் காட்டு" என்று கணினியின் குரல் கேட்கிறது. பிள்ளை எண்ணிவிட்டது. அடுத்து ஏழு, அதுவும் சரி. அடுத்துப் பன்னிரண்டு, தடுமாறுகிறது. உடனே கணினி பத்துக்கு இறங்குகிறது. இப்படி ஒவ்வொரு விடையையும் பார்த்து, அடுத்த கேள்வியைப் பிள்ளையின் நிலைக்கு அருகில் தேர்ந்தெடுத்து, போதிய அளவு நிச்சயம் ஏற்பட்டதும் நின்றுவிடுகிறது. பிள்ளை எழுத வேண்டியதில்லை, வாசிக்க வேண்டியதில்லை. படத்தைத் தொட்டுக் காட்டினாற் போதும். பக்கத்தில் பழகிய ஆசிரியை இருப்பார். இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். பிள்ளைக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்வதால் இதைத் தகவமைவுச் சோதனை என்கிறோம்.

இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. பாரிஸ் நகரில் 1905-ஆம் ஆண்டு அல்பிரட் பினே என்னும் அறிஞர், பாடசாலையில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய இலேசிலிருந்து கடினத்துக்கு ஏறும் சோதனையொன்றை அமைத்தார். 1908-இல் அதை வயதுவாரியாக வகுத்தார். எங்கே தொடங்கலாம், எங்கே ஏறலாம், எங்கே நிறுத்தலாம் என்பதைச் சோதிப்பவரே பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தீர்மானித்தார். டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் கியோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட நூலில், கேள்வியின் கடினத்தையும் விடையளிப்பவரின் ஆற்றலையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் கணக்கைத் தந்தார். தராசின் இரு தட்டு என்றேனே, அது இந்தக் கணக்கேதான். அதன்பின் ஒவ்வொரு விடைக்கும் கணக்குப் போட்டு அடுத்த கல்லை எடுத்துக்கொடுக்கும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. 1990-களில் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தார் பள்ளியில் புதிதாகச் சேரும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென இத்தகைய சோதனையை உருவாக்கினர். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. இடைப்பட்ட வளர்ச்சி எவ்வளவு என்பதுதான் அதன் கேள்வி. அதன் வழிவந்த சோதனைகள் தென்னாபிரிக்காவுக்கும் உருசியாவுக்கும் பிரேசிலுக்கும் சென்றன.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை" என்பீர்களோ? நம் பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் 2005-ஆம் ஆண்டு முதல் ஏசர் என்ற பெயரில் கல்வி அளவீடு நடந்து வருகிறது, தமிழ்நாட்டிலும் நடந்தது. தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார், கையில் ஒரு தாள். முதலில் ஒரு சிறு பந்தியைக் காட்டுகிறார். வாசித்தால் கதைக்கு ஏறுகிறார். வாசிக்காவிட்டால் சொல்லுக்கு இறங்குகிறார். அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு இறங்குகிறார். கணினியில்லை, மின்சாரமில்லை! தகவமைவின் தத்துவம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது. பின்னர் ஹரியானாக் கிராமங்களில், மூன்று வயதுப் பிள்ளைகள் கைப்பலகைக் கணினியில் விளையாடும் விளையாட்டைக் கொண்டே அவர்களின் அறிவு வளர்ச்சியைக் கணிக்க சங்கத் என்னும் நிறுவனத்தார் முயன்றனர். சோதித்தவர்கள் வைத்தியரல்லர், உளநூல் அறிஞருமல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். நம் பிள்ளைக்காம்பராவில் பணிபுரியும் பெண்ணால் இதைச் செய்ய இயலாது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2023-இல், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உலக அளவுகோலொன்றை வெளியிட்டது. முதலில் அதை வங்காளதேசத்திலும் பாக்கிஸ்தானிலும் தன்சானியாவிலும் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளையின் வயதுக்கேற்ற இடத்தில் தொடங்கி ஏறியும் இறங்கியும் செல்லும் முறையே அதிலும் கையாளப்படுகிறது. அதனோடு அந்நிறுவனம் ஓர் எச்சரிக்கையும் சேர்த்திருக்கிறது. இந்த அளவுகோல் ஒரு கூட்டத்தின், ஒரு திட்டத்தின் நிலையை அறிவதற்கு. தனியொரு பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டுவதற்கு அன்று. இந்தச் சொல்லை மறவாதீர்கள்.

ஏனென்றால், அன்பர்களே, அளவுகோலுக்கு ஒரு கறைபடிந்த வரலாறும் உண்டு. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவுவதற்காகப் பினே செய்த சோதனையை, அவர் 1911-இல் இறந்தபின் அமெரிக்காவில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹென்றி கொடார்ட் என்பவர் நியூயோர்க் துறைமுகத்து எல்லிஸ் தீவிலே, கப்பலைவிட்டு இறங்கிய ஏழைக் குடியேறிகள்மேல் அதைப் பிரயோகித்தார். யூதர், இத்தாலியர், அங்கேரியர், உருசியர். வாரக்கணக்கில் கடலில் அலைக்கழிந்து வந்தவர்கள். பேனா பிடித்தறியாதவர்கள் பலர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்கப்பட்ட கேள்விகள். முடிவு? ஐவரில் நால்வர் மந்தபுத்தியுடையோர் என்று 1917-இல் அச்சேற்றினார்! மண்டபம் முகாமில் நம் பாட்டன் பூட்டன்மாரை நிறுத்தி மருந்து தெளித்து அனுப்பியவர்களிடம் அந்தச் சோதனைத்தாள் மட்டும் கிடைத்திருந்தால், அதையும் நம் தலையில் கட்டியிருப்பார்கள் அல்லவா? கோல் குற்றமற்றதாக இருக்கலாம். அதைப் பிடித்த கை யாருடையது என்பதே கேள்வி.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் கற்பிக்க வேண்டியதில்லை. தராசோடு நமக்கு உள்ள உறவு நூற்றாண்டு கடந்தது. நாள்தோறும் கொழுந்து நிறுக்கப்படுகிறது. கூடைக்கென்று கழிவு, ஈரத்துக்கென்று கழிவு. சுமந்தவர் ஒருவர், குறித்துக்கொண்டவர் இன்னொருவர். மாத முடிவில் சம்பளச் சிட்டையைப் பார்க்கும்போதுதான் நம் நிறை நமக்குத் தெரிந்தது. பிள்ளையின் சிந்தையையும் அவ்வாறே நிறுத்துக் குறித்துக்கொண்டு போகட்டும் என்று நான் சொல்வேனாயின், என்னை இந்த மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றையும் சொல்கிறேன். ஸ்கொத்லாந்து நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் கணினி வழித் தகவமைவுச் சோதனையை அரசாங்கம் நடைமுறைப்படுத்தியது. பிள்ளைகள் அழுகிறார்கள், கற்பிக்கும் நேரம் போகிறது, நாளை பள்ளிக்கூடங்களைத் தரம் பிரிக்க இதைப் பயன்படுத்துவார்கள் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் எதிர்த்தனர். 2018 செப்டெம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் 63 வாக்குக்கு 61 வாக்கு என்ற கணக்கில், அந்த வயதுப் பிள்ளைகளுக்கான சோதனையை நிறுத்துமாறு தீர்மானித்தது. அரசாங்கம் தனி ஆய்வொன்றை ஏற்படுத்திற்று. 2019-இல் ஆய்வு, திருத்தங்களோடு தொடரலாம் என்றது. தொடர்ந்தது சரியா, தவறா என்பதை அந்நாட்டார் பார்த்துக்கொள்வார்கள். நான் வியப்பது வேறொன்றை. ஐந்து வயதுப் பிள்ளையின் சோதனைக்காக ஒரு நாடாளுமன்றமே இரண்டாகப் பிளந்து வாக்களித்தது! நம் பிள்ளையின் பெயரால் இந்நாட்டு மன்றத்தில் அப்படியொரு விவாதம் எழும் நாளை நான் காண விரும்புகிறேன்.

இனிப் படிக்கல்லைப் பற்றிப் பேசவேண்டும். என் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தகவமைவுச் சோதனையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கனம் உண்டு என்றேன். அந்தக் கனத்தை யார் முத்திரையிடுவது? பல நூறு பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்து, இத்தனை பேர் சொன்னார்கள், இத்தனை பேர் சொல்லவில்லை என்று கணக்கிட்டுத்தான் அதை நிர்ணயிக்கிறார்கள். இலண்டன் பிள்ளைகளிடம் நிர்ணயித்த கல் அட்டனில் செல்லாது. ஏன், கொழும்பில் நிர்ணயித்ததும், யாழ்ப்பாணத்தில் நிர்ணயித்ததும்கூடச் செல்லாது! இலங்கைப் பிள்ளைகளுக்கென டென்வர் சோதனை என்னும் அமெரிக்க முறையைத் திருத்தியமைத்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பல செயல்களில் அந்நாட்டு வயதுக்கணக்கு நம் நாட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாமை அதிலே தெரிந்தது. நாட்டுக்கு நாடு அப்படியென்றால், ஒரே நாட்டுக்குள் கடற்கரைக்கும் மலைக்கும் இடையே என்ன சொல்வது?

கடல் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று பொகவந்தலாவைப் பிள்ளையிடம் கேட்டால், அது "குளம்" என்று சொல்லும். கணினி தவறென்று குறித்துக்கொண்டு, ஒரு படி கீழே இறங்கும். பிள்ளையின் அறிவா குறைந்தது? கடலைக் காட்டாதவர் குறையன்றோ அது! அதே பிள்ளையிடம் கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வேறுபாடு கேளுங்கள். படங்கு எது, கூடை எது, பீலி எது, இஸ்தோப்பு எது என்று கேளுங்கள். கவ்வாத்து வெட்டிய மலை எது என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து வந்த சோதனையாளர் விழிப்பார், பிள்ளை சொல்லும். இந்தச் சொற்களை "கொச்சை" என்று ஒதுக்கிவிட்டு, பாடநூலிலுள்ள "நீர்க்குழாய்" என்னும் சொல்லைப் போட்டுச் சோதித்தால், நாம் அளப்பது பிள்ளையின் வளர்ச்சியை அன்று. வீட்டில் பேசாத தமிழோடு அதற்கு எவ்வளவு பழக்கம் என்பதைத்தான். வீட்டுச் சொல்லில் தொடங்கி நூற்சொல்லுக்கு ஏறட்டும். ஏறும் படியில் நூற்சொல் இருக்கவேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன், முதற்படியில் அல்ல.

மற்றொன்று: ஆங்கிலச் சோதனைகளில், ஈற்றொலி ஒத்த சொற்களைச் சொல்லச்சொல்லி, ஒலியுணர்வைப் பார்ப்பார்கள். பின்னாளில் வாசிக்கக் கற்பதற்கு அந்த உணர்வு அடிப்படை. அதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருளற்றுப் போகும். நம் மொழியின் காது வேறு. முதலெழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை என்று பிள்ளை இலக்கணம் அறியாமலே விளையாட்டுப் பாட்டில் அனுபவிக்கிறது. "பட்டு" என்றால் "கட்டு", "தட்டு", "மொட்டு" என்று துள்ளுகிறது. எழுத்தும் அவ்வாறே. இருபத்தாறு எழுத்தைப் படிக்கும் பிள்ளைக்கும், இருநூற்று நாற்பத்தேழை நோக்கிச் செல்லும் பிள்ளைக்கும் ஒரே ஏணி போதுமா? நம் கேள்விகளை நாமே ஆக்கவேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் இம்மலையெங்கும் இருக்கிறார்கள். அவர்களைவிட இதற்குத் தகுதியுடையவர் எவர்?

சரி, அளந்தாயிற்று. அதன்பின்? இக்கேள்வியை இங்குள்ள தாய்மார்தான் முதலில் கேட்பார்கள் என்று அறிவேன். பின்தங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோவதற்கு ஒரு கணினி எதற்கு? அயலவர் வாயே போதுமே!

யமேக்காத் தீவின் கதையைக் கேளுங்கள். கரும்புத் தோட்டங்களின் வரலாறு கொண்ட தீவு அது. நம் நிலைமையை அவர்கள் அறிவார்கள். அங்கே கிங்ஸ்ரன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், 1980-களின் நடுவில், உயரம் குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதம் முதல் இருபத்து நான்கு மாதம் வரையிலான வயது. சிலருக்கு மேலதிகப் பாலுணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரத் தொண்டர் வீட்டுக்கு வந்து, தாயோடு சேர்ந்து குழந்தையைப் பேசவும் விளையாடவும் தூண்டுதல், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. விளையாட்டுப் பொருள்கள் விலையுயர்ந்தவையல்ல. வீட்டில் கிடைக்கும் பொருள்களிலிருந்து செய்தவையே பல. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, அவர்கள் வளர்ந்து வேலைக்குச் சென்றபின் பார்த்தார்கள். விளையாட்டும் பேச்சும் பெற்ற பிள்ளைகளின் வருமானம், பெறாதவரைவிட நூற்றுக்கு 25 பங்கு மிகுந்திருந்தது! உயரம் குன்றாத பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பாலுணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீடித்த பலன் காணப்படவில்லை. 2014-இல் இம்முடிவு வெளியாயிற்று. பால் வேண்டாம் என்று இதற்குப் பொருள்கொள்ளாதீர்கள். பாலோடு பேச்சும் வேண்டும் என்பதே பொருள்.

அங்கே வீடுவீடாகச் சென்ற தொண்டரை ஒத்தவர் இங்கே யார்? பிள்ளைக்காம்பராவிலே இருக்கிறார். தாய் காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். மாலையில் வந்து எடுக்கிறாள். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் அந்தப் பெண். முன்னாளில் ஆயா என்றோம். இன்று சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்கிறோம். பெயர் நீண்டது போல் பயிற்சியும் சம்பளமும் நீண்டனவா என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992-ஆம் ஆண்டு முதல் இந்த நிலையங்களைக் கவனித்து வருகிறது. பிள்ளைக்காம்பராக்கள் பல திருத்தப்பட்டிருக்கின்றன, வர்ணம் பூசப்பட்டிருக்கின்றன, விளையாட்டுச் சாமான் வந்திருக்கிறது. நல்லதே. எத்தனை கட்டிடம், எத்தனை நாற்காலி என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் இருந்த பிள்ளை ஓராண்டில் எத்தனை சொல் வளர்ந்தது என்று எந்தக் கணக்கில் இருக்கிறது?

ஆகவே நான் கோரும் சோதனை, முதலில் பிள்ளைக்காம்பராவைச் சோதிக்கும் சோதனை. பிள்ளையை அளந்து, தோட்டத்தையும் நிதியத்தையும் மாகாணக் கல்வித் திணைக்களத்தையும் கணக்குக் கேட்கும் சோதனை. ஆண்டுக்கு இருமுறை நடத்தட்டும். டிவிசன் டிவிசனாக, பெயரின்றி, அந்த எண் உயரத்தின் எண்ணோடு பக்கத்தில் பக்கமாக அச்சேறட்டும். தனிப் பிள்ளையின் தாள் தாயின் கையில், சுகாதாரப் பதிவேட்டின் உள்ளே இருக்கட்டும். குடும்பநல உத்தியோகத்தரும் ஆசிரியையும் பார்க்கட்டும். தோட்டக் காரியாலயத்துக்கு அதில் வேலையில்லை. முதலாம் ஆண்டு அனுமதிக்கு அதைக் கேட்கும் அதிபர் எவரேனும் இருந்தால், அவர் வாசலில் நாம் அமர்வோம். எந்தப் பிள்ளையின் தாளில் பின்னடைவு தெரிகிறதோ அந்தப் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம், மேலதிகமாக ஒருவர் உட்கார்ந்து பேசவும் விளையாடவும் ஏற்பாடு இருக்கவேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணம் ஒதுக்காமல் கைப்பலகைக் கணினி வாங்கப் பணம் ஒதுக்குவார்களானால், பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன் என்பீர்கள். கன்னங்கரா அவர்கள் 1945-இல் இலவசக் கல்வியை நாட்டுக்குக் கொணர்ந்தபோது, தோட்டப் பாடசாலை வெளியே நின்றது. 1977-க்குப் பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. முப்பது ஆண்டுகள் பின்னால்! அந்த முப்பது ஆண்டில் ஒரு முழுத் தலைமுறை, பேரேட்டில் கைநாட்டு வைத்துக்கொண்டே முதுமையடைந்தது. இந்த முறையும் பிற பிள்ளைகளுக்கான கேள்விகள் பிறமொழியிலும் பிறவூர்த் தமிழிலும் எழுதி முத்திரையிடப்பட்டு வந்து சேரும். நாம் அப்போது கண்டனக் கூட்டம் போடுவோம். அதற்கு முன்னே நம் படிக்கல்லை நாம் ஆயத்தம் செய்து வைத்தால் என்ன?

இதற்கு அரசாங்கத்தின் உத்தரவு தேவையில்லை. கணினிகூட இன்றைக்குத் தேவையில்லை. இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அடுத்த பாடசாலை விடுமுறைக்குள், உங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குச் சென்று மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் வாயிலிருந்து வரும் சொற்களைக் கேட்டெழுதுங்கள். எந்தப் பிள்ளை எதுவரை எண்ணுகிறது, எந்த நிறத்துக்குப் பெயர் சொல்கிறது, எந்தப் பாட்டைப் பாடுகிறது, ஒரு கதையைக் கேட்டுவிட்டு எத்தனை வாக்கியத்தில் திருப்பிச் சொல்கிறது என்று குறியுங்கள். தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் இராகலையிலும் எழுதியவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், எது இலேசு, எது கடினம் என்பது தானே புலப்படத் தொடங்கும். சிங்களக் கிராமத்தை ஒட்டிய தோட்டங்களில் பிள்ளை இருமொழிச் சொல்லும் கலந்து பேசும். திருத்தாதீர்கள், பேசியபடியே எழுதுங்கள். பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். வயதை மட்டும் ஆண்டுக் கணக்கில் அல்லாமல் மாதக் கணக்கில் எழுதுங்கள். நாற்பது மாதப் பிள்ளைக்கும் நாற்பத்தேழு மாதப் பிள்ளைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.